இலவசப் படிப்பு யார் கணக்கில்?

சென்ற மாதம் எங்கள் கிளைக் கூட்டத்தில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. தொழிற்சங்க அங்கத்தினர்களும் அவர்கள் குடும்பத்தினரும் இயங்கலை வழியாக இலவசமாகப் படிக்கலாம். கணக்கு, கணினி, மொழி, தொழில் பாதுகாப்பு எனப் பல பாடங்கள் இருக்கின்றன. கட்டணம் ஒரு காசும் கிடையாது. கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும் என்பது அதன் சாரம். வாசித்து முடித்ததும் வழக்கம்போல் கை தட்டினோம். அடுத்த விஷயத்துக்குப் போகவிருந்த சமயத்தில், பின்வரிசையிலிருந்து பால்வெட்டும் அக்கா ஒருவர் எழுந்தார்.

"கிராணித் தம்பி, இலவசம்னு சொல்றீங்களே, அதை யாரு செக்ரோல்ல பிடிப்பாங்க?"

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நானும் சிரித்தேன். இரவு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, சிம்பாங் பூலாயைத் தாண்டிக் குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகள் இருட்டில் கரேலென்று எழும்பும் இடத்தில்தான், அந்தக் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று எனக்கு உறைத்தது. இருபது வருஷமாகச் சம்பளச் சீட்டில் பிடித்தம் பிடித்தம் என்று பார்த்து வந்த ஒருவர், வேறு எதைக் கேட்பார்?

அந்த அக்காவுக்குக் கூட்டத்தில் பதில் சொல்லவில்லை. ஆகையால் இங்கே சொல்ல முயலுகிறேன்.

நம் மக்களுக்கு இலவசம் என்ற சொல்லின் மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பல தோட்டங்களில் நடந்தது என்ன? ஒரு கொட்டகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார், அந்த வாத்தியாரும் காலையில் பெரட்டில் பேர் எடுத்துவிட்டு வருகிற கங்காணியோ கிராணியோ, அல்லது எழுத்துத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான். பிள்ளை பத்து வயதில் ஒட்டுப்பால் பொறுக்கப் போனால் கேட்பாரில்லை. பள்ளிக்கூடம் இருந்தது; படிப்பு இருந்ததா என்பது வேறு கேள்வி. இன்று ஒரு கைப்பேசியைக் காட்டி "இதோ பல்கலைக்கழகம்" என்று சொல்லும்போது எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் வருவதில் ஆச்சரியம் என்ன?

இந்த இலவசப் படிப்பு விஷயத்தில் நமக்கு முன்னால் நடந்துபோனவர்கள் அமெரிக்கத் தொழிற்சங்கத்தார். அங்குள்ள சங்கங்களின் பெரிய சம்மேளனத்தைச் சேர்ந்த யூனியன் பிளஸ் என்ற அமைப்பு, ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்டர்ன் கேட்வே என்னும் சமூகக் கல்லூரியோடு கை கோத்து, சங்க அங்கத்தினர்களுக்கு மட்டுமன்றி அவர்கள் மனைவி, கணவன், பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் வரை இயங்கலையில் இலவசமாகப் பட்டயப் படிப்பு என்று அறிவித்தது. வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். பஸ் ஓட்டுகிறவர், மருத்துவமனையில் தரை கூட்டுகிறவர், பள்ளிச் சமையல்காரர் எல்லோரும் சேர்ந்தார்கள். சில ஆயிரம் மாணவர்களை வைத்திருந்த அந்தச் சின்ன ஊர்க் கல்லூரியில் 2021 வாக்கில் 40,000-க்கு மேற்பட்டவர்கள் பதிந்திருந்தார்கள். படித்து முடித்துப் பட்டயம் வாங்கியவர்களும் பலர். அதை மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் படிப்பு யார் கணக்கில் நடந்தது? அமெரிக்காவில் வசதியற்ற மாணவருக்கு மத்திய அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை ஒன்று உண்டு. அதைப் பெல் உதவி என்பார்கள். அந்த உதவி பெறும் மாணவரிடமிருந்து கல்லூரி அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டது. உதவி பெறாத மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. 2022-இல் அந்நாட்டுக் கல்வி இலாகா, "உதவித்தொகை பெறுகிறவர் தலையில் மட்டும் கட்டணத்தைக் கட்டுகிறீர்கள், இது கூடாது, நிறுத்துங்கள்" என்று உத்தரவிட்டது. கல்லூரி வழக்காடியது. வழக்கும் சமரசமுமாக இழுத்து, கடைசியில் இலவசத் திட்டம் நின்றது. 2024-இல் கல்லூரியே கதவை மூடியது. பாதிப் படிப்பில் இருந்தவர்கள் மதிப்பெண் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கல்லூரி வாசலைத் தேட வேண்டியதாயிற்று.

எங்கள் அக்கா கேட்டதைத்தான் வாஷிங்டனில் ஒரு பெரிய இலாகாவும் கேட்டது. யார் செக்ரோலில் பிடித்தார்கள்? ஏழை மாணவரின் செக்ரோலில்!

இதைச் சொன்னவுடன், "பார்த்தாயா, இலவசமெல்லாம் ஏமாற்று" என்று சிலர் கை கழுவிவிடுவார்கள். நான் சொல்ல வருவது அதுவன்று. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அது நமக்கு உரிமையா, தானமா, தூண்டில் புழுவா என்பது விளங்கும். நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம்.

மனிதவள மேம்பாட்டுச் சட்டம் 2001-இல் வந்தது. அதன்படி முதலாளி, உள்நாட்டுத் தொழிலாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளி கணக்கில் ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்த நிதி, தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே உள்ளது. வெகு காலம் தோட்டத் துறை அதில் அடங்கவில்லை. 2021 மார்ச் முதல் விவசாயமும் சேர்க்கப்பட்டது. பத்துப் பேருக்குக் குறையாமல் உள்நாட்டுத் தொழிலாளரை வைத்திருக்கும் தோட்டம் செலுத்தியாக வேண்டும். இந்தப் பணத்தைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டமே சொல்லுகிறது. அந்த நிதியை நடத்தும் நிறுவனம் இ-லாத்தி என்ற பெயரில் இயங்கலைப் பாடங்களை மலேசியர் எவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம். சொக்சோ சந்தாவுக்குப் பக்கத்தில் சம்பளச் சீட்டில் ஒரு சின்னத் தொகை பிடிக்கிறார்களே, அதுதான். தொழிலாளி நூற்றுக்கு இருபது காசு, முதலாளி நூற்றுக்கு இருபது காசு. வேலை போய்விட்டால் சில மாதங்களுக்குப் பணம் கிடைக்கும் என்பது வரை நம்மவர்களில் சிலருக்குத் தெரியும். வேலை இழந்தவர் புதுத் தொழில் கற்க அதே திட்டத்தில் பயிற்சிச் செலவும் படியும் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாகும்போது, ரப்பர் வெட்டிச் செம்பனை நடும்போது, ஈப்போவைச் சுற்றிலும் எத்தனையோ குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாமான்களின் மலிவு வீடுகளுக்கு வந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். அந்தக் காலத்தில் இந்தத் திட்டம் இல்லை. இப்போது இருக்கிறது, கேட்டு வாங்குவாரைத்தான் காணோம்.

ஆகையால் அக்காவின் கேள்விக்கு நேர்ப் பதில் இது. இந்தப் படிப்புக்கான பணத்தில் ஒரு பங்கு உங்கள் சீட்டில் ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. இன்னொரு பங்கு உங்கள் உழைப்பை வைத்துக் கணக்கிட்டு முதலாளியிடம் வாங்கப்படுகிறது. யாரும் உங்களுக்குத் தருமம் செய்யவில்லை. கொடுத்தாகிவிட்ட காசுக்குச் சாமான் வாங்காமல் கடையை விட்டு வெளியே வருகிறோம், அவ்வளவுதான்.

பின் ஏன் நம்மவர்கள் படிக்கவில்லை? சோம்பேறிகள், கைப்பேசியில் சினிமாப் பாட்டுக் கேட்கத் தெரிகிறது, பாடம் கேட்கத் தெரியாதா என்று ஆபீஸ் கிராணிகள் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என் சொந்தக் கதையையே சொல்லுகிறேன். நான் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளி. பிறகு புகுமுக வகுப்பு. பிறகு மலாய் வழியில் ஐந்தாம் படிவம். தோட்டத்தில் கணக்கெழுத வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன் கணினியில் கணக்கு வைக்கும் இலவசப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் சமாளித்தேன். மூன்றாம் வாரம் மாதக் கடைசி. செக்ரோலை முடித்துச் சம்பளம் போட்டு, கங்காணி கொண்டுவந்த நாள் கணக்கும் என் கணக்கும் ஒத்துவராமல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்தேன். அந்த வாரப் பாடத்தைத் திறக்கவே இல்லை. நாலாம் வாரம் திறக்க வெட்கம். அதோடு போயிற்று. மேசை, நாற்காலி, கணினி, இணையம், குளிர்சாதனம் எல்லாம் உள்ள கிராணிக்கே இந்தக் கதி என்றால் காட்டில் வெட்டுகிறவருக்கு எப்படி?

நான் மட்டும் அல்ல. உலகமெங்கும் இப்படிப்பட்ட இலவச இயங்கலைப் பாடங்களில் சேருகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முடிப்பதில்லை என்பது பல தடவை கணக்கெடுத்துப் பார்த்த விஷயம். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பால்வெட்டுகிறவரின் நாளை யோசித்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நுழைந்தால் முந்நூறு நானூறு மரம். பிறகு மங்குகளைக் கவிழ்த்துப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து முடிக்க உச்சிப் பொழுது. வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுக் கண் அயர்ந்து எழுந்தால் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு நேரடி வகுப்பு என்று அறிவிப்புப் போடுகிறவர், பத்து மணிக்கு மரத்தில் பால் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதை அறியாதவர். ஆனால் அதே தொழிலில் படிப்புக்கு ஏற்ற நேரமும் ஒளிந்திருக்கிறது. விடியற்காலை மழை கொட்டினால் வெட்டு இல்லை. மரப்பட்டை காயும் வரை மக்கள் காத்திருக்கிறார்கள். இலை உதிரும் மாதங்களில் பால் குறைவு, வேலையும் குறைவு. மழைக் காலைகளையும் உதிர் காலத்தையும் கணக்கில் எடுத்து நேரத்தை வகுக்க, தோட்டத்தில் இருக்கிற ஒருவனால்தான் முடியும்.

அடுத்தது மொழி. அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. நாட்டு மொழியை நாம் கற்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்போடு நின்ற ஐம்பது வயதுத் தாயிடம் மலாய்ப் பாடத்தைக் கொடுத்து, "இலவசம், படி" என்பது, மரத்தைக் காட்டி உளியைக் கொடுக்காமல் "வெட்டு" என்பது போல. தமிழில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் உலகத் தமிழருக்கென 2001-இல் தொடங்கிய இணையக் கல்விக்கழகம் மொழிப் பாடங்களைத் தருகிறது. இந்தியாவின் பெரிய பொறியியல் கழகங்கள் நடத்தும் இலவசப் பாடங்கள் சிலவற்றைத் தமிழிலும் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் நம் வேலைச் சட்டம், நம் சம்பளக் கணக்கு, நம் சேமநிதி இவற்றைத் தமிழ்நாட்டார் நமக்குச் சொல்லித்தர முடியாது. அது நம் வேலை.

மூன்றாவது, கருவி. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது நாம் பட்டது மறக்கக் கூடியதா? மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார். அந்த வருஷம் ஜூன் மாதம் சாபாவில் ஒரு மாணவி இணையம் கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பரீட்சை எழுதியதை நாடே பார்த்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மரம் ஏறவில்லை; ஆனால் சாலை ஓரத்துப் பஸ் நிறுத்தத்தில் இரண்டு துண்டு தெரிகிறது என்று சாயங்காலம் பிள்ளைகள் அங்கே கூடி நின்றார்கள். கொசுக்கடிதான் அவர்களுக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம்!

இவ்வளவும் சொன்னபின், என்னதான் வழி? எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல வழி கண்டவர்கள் பிரிட்டிஷ் தொழிற்சங்கத்தார். அவர்கள் பாடத்தில் ஆரம்பிக்கவில்லை; ஆளில் ஆரம்பித்தார்கள். 1998-இல் அங்கே தொழிற்சங்கக் கல்விக்கென்று ஓர் அரசாங்க நிதி ஏற்பட்டது. பிறகு 2002-ஆம் வருஷச் சட்டத்தின் மூலம், ஒவ்வொரு வேலைத்தலத்திலும் சங்கம் தன் அங்கத்தினர் ஒருவரைக் கல்விப் பிரதிநிதியாக நியமிக்கலாம், அந்தக் காரியத்துக்காக அவருக்கு வேலை நேரத்தில் சம்பளத்தோடு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற உரிமையைப் பெற்றார்கள். அந்தப் பிரதிநிதி வாத்தியார் அல்ல. பஸ் பட்டறையில் சக்கரம் கழற்றுகிறவர். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறவர். ஆனால் யாருக்கு எழுத்துக் கூட்ட வராது, யார் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர முடியாமல் வெட்கப்படுகிறார் என்பது அவருக்குத் தெரியும். முதலாளியிடம் ஒருவன் "எனக்குப் படிக்க வராது" என்று சொல்வானா? கணினியிடம் சொன்னால் அது என்ன செய்யும்? பக்கத்தில் நின்று வேலை செய்கிற தோழனிடம் சொல்வான். அந்த ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருந்தது.

அந்த நிதியை 2021 மார்ச்சோடு இங்கிலாந்தில் அரசாங்கம் நிறுத்திவிட்டது. சங்கங்கள் எதிர்த்தும் நடக்கவில்லை. அரசாங்கப் பணத்தை மட்டும் நம்பினால் ஒரு நாள் குழாய் அடைபடும் என்பதும் நமக்குப் பாடம். ஆனால் பிரதிநிதியின் சட்ட உரிமை போகவில்லை, ஆள் இருக்கிறான்.

நம் ஊரிலும் ஆளை வைத்து ஆரம்பித்த காரியங்கள்தாம் நிலைத்தன. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தெருவில் நின்ற காலம். மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று சொன்னார். அறிக்கை அச்சிட்டு அனுப்பியிருந்தால் யார் போட்டிருப்பார்கள்? நம் சுங்கை சிப்புட் மனிதர் தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்துக்குள் வந்து, முகத்துக்கு நேரே பேசினார். அப்புறம்தான் முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. மறு வருஷமே தோட்டம் வாங்கினார்கள்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். இதைக் கேட்டுச் சில நண்பர்களுக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

தோட்டத்தில் அந்த ஆள் யார்? கிராணிதான். நாம்தான். தொழிலாளர் சங்கம் வேறு, ஊழியர் சங்கம் வேறு என்று இரு குடையின் கீழ் நிற்கிறோம். பரவாயில்லை, மழை ஒன்றுதான். தோட்டத்தில் கணினி தெரிந்தவன், மலாய்க் கடிதம் எழுதுகிறவன், சொக்சோ பாரம் நிரப்புகிறவன் நாம். முந்திய தலைமுறைக் கிராணிமார் தபால் வழியாக லண்டன் வர்த்தகச் சங்கப் பரீட்சைக்குக் கணக்கியல் படித்துத்தான் மேலே வந்தார்கள். தனியாகப் படிக்கும் கஷ்டமும் அதன் பலனும் நம் ஜாதிக்கு, அதாவது பேனா ஜாதிக்கு, தெரியாத விஷயமல்ல.

ஆனால் நாம் ஏன் இதுவரை உட்காரவில்லை? என் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுகிறேன். தோட்டத்தில் கிராணியின் சொல் எடுபடுவது, மற்றவர் வாசிக்காததனால். பாலின் எடை, அதில் உலர் ரப்பர் எவ்வளவு, அதற்கு மேல் எத்தனை கிலோவுக்கு எத்தனை காசு ஊக்கப்படி என்பதெல்லாம் நம் மேசையில் பிறந்து நம் மேசையில் முடிகிற இரகசியம். ஒரு மாதம் நான் ஒருவருடைய மழை நாள் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டேன். வேண்டுமென்று அல்ல, தூக்கக் கலக்கத்தில். அவருக்குச் சேர வேண்டியதில் குறைந்தது. அவர் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நானே கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தபோது, "நீங்க எழுதினா சரியாத்தான் தம்பி இருக்கும்" என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கும்பிடு இன்றும் என்னை உறுத்துகிறது. என் தப்பைப் பிடிக்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

ஆகையால் இலவசப் பாடங்களில் முதல் பாடம் கணினியும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. சம்பளச் சீட்டு! 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வேலைச் சட்டத் திருத்தத்தால் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. இவற்றைத் தன் கைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு தாய், அடுத்த பாடத்தைத் தானே தேடுவாள். கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கக் கற்றவர் கணினிக்குப் பயப்பட மாட்டார்.

அதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கும் கதவு இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரின் அனுபவத்தை அளந்து பார்த்து உயர்கல்விக்குள் விடும் ஏபெல் என்ற முறை நம் நாட்டில் உண்டு. 19 வயதானால் சான்றிதழ்ப் படிப்புக்கும், 20-க்கு டிப்ளோமாவுக்கும், 21-க்குப் பட்டப் படிப்புக்கும் மனுச் செய்யலாம். பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். பட்டறையில் பத்து வருஷம் இஞ்சின் பிரித்துப் பூட்டிய மகனுக்கு, அவன் கைவேலையை மதிப்பிட்டே மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இவையெல்லாம் முழுக்க இலவசம் அல்ல, செலவு உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சொல்லாததனால் வரும் கேட்டையும் பார்த்தேன். எங்கள் பகுதியில் ஒரு பையன், "பாடம் இலவசம், சான்றிதழுக்கு மட்டும் கட்டணம்" என்ற விளம்பரத்தை நம்பித் தாயார் சீட்டுப் பணத்தைக் கட்டினான். பளபளப்பான காகிதம் வந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் அது மதிப்பில்லாத காகிதம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாட்டின் கல்வித் தகுதி நிறுவனம் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இணையத்தில் திறந்து கிடக்கிறது. பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார ஒருவன் இல்லாமல் போனான். நானே அதே தெருவில் இருக்கிறேன், என்னிடமும் அவன் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

"பிள்ளைகள் படித்தால் தோட்டத்தை விட்டுப் போய்விடும், சங்கத்துக்கு ஆள் ஏது?" என்று ஒரு மூத்த தோழர் என்னிடம் வருத்தப்பட்டார். போகட்டுமே! போகாமல் இருந்தால்தான் நமக்குத் தோல்வி. இப்போதே நிரைகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுத் தோழர்கள் நிற்கிற தோட்டங்கள் இருக்கின்றன. படித்துவிட்டு ஈப்போவில் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போகிற பிள்ளை, சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்து போனால், அங்கே ஒரு சங்கம் பிறக்கும். வாசிக்கத் தெரியாமல் போனால் அங்கேயும் ஒரு கும்பிடுதான்.

எனவே என் யோசனை பெரிதல்ல. ஒவ்வொரு கிளையும் ஒரு கல்விப் பிரதிநிதியைப் பேர் சொல்லி நியமிக்கட்டும். ஆணானாலும் பெண்ணானாலும் சரி. தோட்டத்துக்கு ஒரு கிராணி அவருக்குத் துணை நிற்கட்டும். சங்க அறையில் ஒரு பழைய கணினியும் இணைய இணைப்பும் போதும். கோயில் மண்டபமானாலும் பாதகமில்லை. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் வைக்கட்டும்: கல்விப் பிரதிநிதிக்கு மாதத்தில் சில மணி நேரம் சம்பளத்தோடு ஓய்வு, பயிற்சி நிதிக்குத் தோட்டம் எவ்வளவு கட்டியது, அதில் பால்வெட்டுகிறவருக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்டாலே பல இடங்களில் துரைமார் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

நான் பாதியில் விட்ட பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போன வருஷம் அதை முடித்தேன். தனியாக அல்ல, நானும், ஸ்டோரில் பால் சோதிக்கும் நண்பரும், அவர் தங்கையும் ஞாயிறு தோறும் குனோங் ராபாட்டில் என் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தோம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தோம். மாதக் கடைசியில் நான் தூங்கி விழுந்தால் அந்தத் தங்கை மேசையைத் தட்டும். நடுவில் தேநீரும், எங்கள் ஊர்ச் சீனர் கடை ஹியோங் பியாவும். எட்டு வாரப் பாடம் பதினோரு வாரம் ஆயிற்று. ஆனாலும் முடித்தோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சங்க அறையில் முதல் உட்காருதல். அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். கேள்வி கேட்டபோது சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் தம்பி, மழை நாள் காசு எந்த வரியில இருக்குன்னு முதல்ல காட்டுங்க" என்றார். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்றும் நான் எழுதியவை.